சமையல்கட்டு அக்காவின் பெயருக்கு மட்டும் பூட்டு

அந்த ஆஸ்பத்திரி இருக்கும் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் இன்றைக்கும் நான் வண்டியை அடுத்த தெருவில் திருப்பிச் சுற்றிக்கொண்டுதான் போவேன். எனக்கு அதன் மேல் பயம் கிடையாது, அருவருப்புதான். பினாயில் வாடையெல்லாம் பழகிவிட்டது. அருவருப்பு அங்கே வேலை பார்த்த மனிதர்கள் மேல்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் அங்கே கம்ப்யூட்டர் பொண்ணு. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பாண்டி டவுனுக்குள் நாற்பது படுக்கை போட்ட தனியார் ஆஸ்பத்திரி, மூன்று மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டிப்ளமா முடித்துவிட்டு மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். மொத்தம் ஆறு கம்ப்யூட்டர்கள், எல்லாம் பின்பக்கம் தொந்தி வைத்த பழைய மானிட்டர்கள். ரிசப்ஷனில் ஒன்று, பில்லிங்கில் ஒன்று, லேபில் ஒன்று, நர்ஸ்கள் உட்காரும் இடத்தில் ஒன்று, பெரிய டாக்டர் அறையில் ஒன்று, மாடிப்படிக்குக் கீழே இருந்த என் அறையில் ஒன்று. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் எலி ஒயரைக் கடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டர் வீட்டு வளைகாப்பு சிடி ஓடவில்லையென்றால் அதற்கும் நான்தான் போக வேண்டும்.

நோயாளிகளின் விவரத்தை வைக்க ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அதைச் செய்தவர்கள் யோசித்துத்தான் செய்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவருக்கு நோயாளியின் பெயரும் விலாசமும் மட்டும் தெரியும். பில்லிங்கில் பில் மட்டும். நர்ஸுக்கு அவருடைய வார்டு மட்டும். ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் லேபுக்கும் டாக்டர்களுக்கும்தான். ஒரு வாரம் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் சீட்டு எழுதி, மடித்து, கையில் கொடுத்து, 'யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று தனித்தனியாகச் சொன்னேன். மறுநாளே ஒரு நர்ஸ் தன் சீட்டை மானிட்டரின் நெற்றியில், காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியால் ஒட்டி வைத்திருந்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு மாதத்தில் யாருடைய சீட்டும் யாருக்கும் தேவைப்படாமல் போனது. காரணம் பெரிய டாக்டர். ஆஸ்பத்திரியே அவருடையது. கத்தியைப் பிடித்தால் கை நடுங்காது, ஆனால் கீபோர்டைக் கண்டால் ஆகாது. நோயாளியை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு அறைக்குள்ளிருந்து குரல் கொடுப்பார்: "ஏம்மா, என் பேர்ல போய் இவரு ரிப்போர்ட்டப் பாத்துச் சொல்லு!" பாஸ்வேர்டு என்ன என்று வெளியிலிருந்து யாராவது கேட்பார்கள். "என் கார் நம்பர்தாம்மா!" என்று கத்துவார். கார் நாள் முழுக்க வாசலில்தான் நிற்கும். காலையில் அதைத் துடைக்கிற டிரைவருக்கும் தெரியும், எதிரில் இளநீர் விற்கிறவருக்கும் தெரியும்.

டாக்டர் பெயரில் நுழைந்தால் எல்லாமே திறக்கும் என்று தெரிந்த பிறகு எவர் தன் பெயரில் நுழைவார்? ரிசப்ஷன், பில்லிங், நர்ஸ் எல்லோரும் டாக்டர்தான். அவர் ஆபரேஷன் தியேட்டரில் முகமூடி கட்டிக்கொண்டு நிற்கும்போது, நான்கு கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் அவர் உட்கார்ந்து வேலை செய்வதாகப் பதிவு காட்டும். நான் முதலில் அதைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தால் ஜாதகம் பார்ப்பார்கள், வேலையை விசாரிப்பார்கள், பிறகு ஆஸ்பத்திரியில் யாராவது தெரிந்தவர் இருக்கிறார்களா என்று தேடுவார்கள். 'அந்தப் பையன் உங்ககிட்ட எதுக்காவது காட்டியிருக்கானா, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்.' மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் அதையேதான் செய்வார்கள். பில்லிங்கில் இருந்த அரியாங்குப்பத்துப் பெண்மணி இந்த வேலையில் கெட்டிக்காரி. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டே தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். யாருக்கு வலிப்பு, யாருக்குச் சர்க்கரை, எந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்னால் எதைக் கலைத்துக்கொண்டாள், எல்லாம் அவர் வாயில் வறுத்த கடலை மாதிரி புரளும். சாயங்காலம் டீ வந்ததும் நாலு பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஊராரின் மூத்திரமும் ரத்தமும் அங்கே பிஸ்கட்டோடு பரிமாறப்படும்.

நான் மட்டும் யோக்கியமா? எங்கள் வீட்டில் எனக்கு ஒரு வரன் பார்த்தார்கள். நெய்வேலிப் பக்கம் வேலை, டவுனில் வீடு. ஒரு மத்தியானம் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பையன் பெயரை நானும் தட்டிப் பார்த்தேன். மூல வியாதிக்கு இரண்டு தடவை வந்திருந்தான். கல்யாணம் வேறு காரணத்தால் தட்டிப்போனது. ஆனால் முகமே பார்த்திராத ஒருவனின் அந்த விவரம் இன்னமும் எனக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்கு இது தெரிந்தால் என் முகத்தில் காறித் துப்புவான், துப்பவும் வேண்டும்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. மேனேஜரிடம் போனேன். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர், அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். சர்க்கரை வைத்திருக்கும் அலமாரிக்குப் பூட்டு, டெட்டால் அலமாரிக்குப் பூட்டு, கையுறைப் பெட்டிக்குப் பூட்டு. தண்ணீர்ப் பானை மேல் இருந்த டம்ளருக்குச் சங்கிலி. நடக்கும்போது அவர் வருகிறார் என்று மாடியில் இருப்பவர்களுக்கே கேட்கும்.

"சார், எல்லாரும் டாக்டர் பேர்ல போறாங்க. யார் ரிப்போர்ட்ட யார் வேணா பாக்கறாங்க. பாஸ்வேர்ட மாத்தணும்" என்றேன்.

"சே பா கிராவ், அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார். பிரெஞ்சு அவருக்கு அலட்சியத்துக்கு மட்டும்தான் வாயில் வரும். "நாம எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரிம்மா. குடும்பத்துக்குள்ள என்ன ரகசியம்? நீ போய் அந்த பிரிண்டரப் பாரு."

குடும்பமாம். குடும்பத்தில் எந்த வீட்டில் டம்ளருக்குச் சங்கிலி போடுவார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, பிரிண்டரைப் பார்க்கப் போனேன்.

இனி சமையல்கட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும். முத்தியால்பேட்டையில் ஒற்றை அறையில் வாடகைக்குத் தனியாக இருந்தார். வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்துப்போனார். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், தகரம் போட்ட சமையலறையில் அக்கா தனி ஆளாக நாற்பது பேருக்குப் பொங்கிப் போட்டார். ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கஞ்சி, மற்றவர்களுக்கு இட்லி, ரசம் சாதம், எங்களுக்குப் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ. அந்தக் கட்டுக்குள் யாரும் செருப்போடு நுழைய முடியாது. ஒருமுறை பெரிய டாக்டர் பூட்ஸோடு வந்துவிட்டார். அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தார். அந்த அடுப்புதான் அக்காவுக்குப் பிழைப்பு, அதுதான் மரியாதை. நாலு பேர் அவர் கஞ்சியைக் குடித்து எழுந்து உட்கார்ந்தார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு கர்வம் இருந்தது.

ஒருநாள் வார்டிலிருந்து வந்த தட்டுகளை அக்கா கழுவிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு நர்ஸ், ஊசி போட்டுவிட்டுச் சிரிஞ்சை நோயாளி சாப்பிட்டு வைத்த தட்டிலேயே போட்டிருக்கிறாள். மிச்சமிருந்த இட்லிக்கு அடியில் அது கிடந்தது. அக்காவின் ஆள்காட்டி விரலில் ஆழமாக இறங்கிவிட்டது. சோறு தின்கிற தட்டில் ஊசியைப் போட்டவள் யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க யாரும் முயலவும் இல்லை. தலைமை நர்ஸ், "சோப்பு போட்டுக் கழுவிட்டு வேலையப் பாரு" என்றாராம். டியூட்டியில் இருந்த ஒரு சின்ன டாக்டருக்குத்தான் மனசாட்சி இருந்தது. அவர் அக்காவை லேபுக்கு அனுப்பி ரத்தம் எடுக்கச் சொன்னார். மஞ்சள் காமாலைக்கு ஒன்று, எச்.ஐ.வி.க்கு ஒன்று. முதல் பரிசோதனை போதாது, ஆறு வாரம் கழித்து ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று எடுத்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றும் சொல்லியனுப்பினார்.

அன்று மத்தியானம் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாப்பா, அந்த லேபுல எழுதனது உன் மெசின்ல வருமா?"

"வரும்க்கா."

"யாரு யாரு பாப்பாங்க?"

எல்லோரும் பார்ப்பார்கள் என்பதுதான் உண்மை. அதைச் சொல்லாமல் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"இன்னா டெஸ்ட்டுன்னு தெரிஞ்சாலே போதும் பாப்பா, எங்க வூட்டுக்காரரு குடிச்சி செத்தாருன்னு எவளும் சொல்ல மாட்டா. வேற கத கட்டுவாளுங்க. அப்பறம் என் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிப்பாங்களா? அடுப்ப வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும், சொல்லு" என்றார்.

"நான் பாத்துக்கறேன்க்கா. ஒருத்தர் கண்ணுலயும் படாது" என்றேன்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். மென்பொருளில் என் பக்கத்தில் மட்டும் வரும் ஒரு வசதி இருந்தது. எந்த நோயாளியின் பெயருக்கு நேராக அதில் டிக் போடுகிறோமோ, அவருடைய விவரத்தை லேப்காரரும் நானும் தவிர வேறு யாரும் திறக்க முடியாது. பெரிய டாக்டர் பெயரில் போனாலும் திறக்காது. அந்த வசதியை அதுவரை யாருக்கும் பயன்படுத்தியதே இல்லை. அக்கா பெயருக்கு டிக் போட்டேன். என் மெஷினில் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது. பெரிய சாதனை செய்த மாதிரி ஒரு திருப்தி. மற்ற மெஷின்களில் அது எப்படித் தெரிகிறது என்று போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டைப் பூட்டுகிற எவரும் கதவை ஒருதரம் இழுத்துப் பார்ப்பார்கள். படித்த எனக்கு அந்தப் புத்தி இல்லை.

முதல் முடிவு இரண்டு நாளில் வந்தது. எதுவும் இல்லை. அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு எனக்கு மட்டும் இஞ்சி தட்டிப் போட்ட டீ கொடுத்தார்.

அடுத்த வாரத்திலிருந்து டீ கேன் கனத்துத் திரும்ப ஆரம்பித்தது. நாலு மணி டீயை ஊற்றிக் கொடுத்தால் பில்லிங் அம்மா, "எனக்கு அல்சர்மா, டீ கூடாதுன்னுட்டாங்க" என்றார். ரிசப்ஷனில் இருந்தவளுக்கும் அல்சர். தலைமை நர்ஸ் வீட்டிலிருந்து பிளாஸ்கில் காபி கொண்டுவர ஆரம்பித்தார். ஒரே வாரத்தில் அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்த அத்தனை பேருக்கும் அல்சர் வந்துவிட்டது. லேப்காரர் ஒருவரும் நானும்தான் டீ குடித்தோம். பிறகு வார்டிலும் தட்டுகள் அப்படியே திரும்ப ஆரம்பித்தன. நோயாளிகளுக்கு வெளியிலிருந்து பார்சல் வந்தது. யாரோ அவர்களுடைய காதிலும் ஓதியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அக்காவுக்கு உறைத்துவிட்டது. ஆறிப்போன கேனைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீ சொன்னியா பாப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் அம்மா மேல் சத்தியம் செய்தேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. கேனோடு திரும்பிப் போய்விட்டார்.

நான் பில்லிங்குக்கு ஓடினேன். அந்த அம்மா சாவகாசமாக மென்பொருளைத் திறந்து காட்டினார். அந்த மாதம் பரிசோதனைக்கு வந்தவர்கள் எல்லோருடைய பெயர்களும் வரிசையாகக் கறுப்பு எழுத்தில் இருந்தன. நடுவில் ஒரே ஒரு பெயர் சிவப்பில், பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டுப் படத்தோடு இருந்தது. அதை அழுத்தினால் 'இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. ஆயிரக்கணக்கான பேரின் கர்ப்பமும் காசமும் திறந்து கிடந்த இடத்தில், நான் ஒரு பெயருக்கு மட்டும் சிவப்பு மை பூசி நடுவீதியில் நிறுத்தியிருந்தேன்.

"டாக்டர் பேர்ல போனாக்கூட தொறக்கலடி" என்றார் அந்த அம்மா. "டாக்டருக்கே காட்டாம மூடி வக்கிறாங்கன்னா இன்னா நோயின்னு எனக்குத் தெரியாதா? இருவது வருஷமா ஆஸ்பத்திரியில குப்ப கொட்டறேன்."

அவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. ஓடிப்போய் டிக்கை எடுத்துவிட்டு வந்தேன். "இப்பப் பாருங்க, ஒண்ணுமே இல்ல. நெகட்டிவ்னு போட்டிருக்கு பாருங்க" என்று அவருடைய மானிட்டரைத் தட்டித் தட்டிக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "நீதானம்மா மூடனே?" என்றார். "மூடத் தெரிஞ்சவளுக்கு மாத்த எவ்ளோ நேரம் ஆவும்?"

பூட்டியபோது உள்ளே இல்லாததெல்லாம் இருந்தது. திறந்து காட்டியபோது இருந்ததை நம்ப ஆளில்லை. நர்ஸ்களிடம் போய்க் கெஞ்சினேன். மூன்று வருடம் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் அவர்கள். டீயில் எச்.ஐ.வி. பரவாது என்று எனக்குப் பாடம் எடுத்தார்கள். அப்படியே நோய் இருந்தாலும் சமைப்பதால் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார்கள். "அப்போ டீ குடிக்கலாம்ல?" என்றேன். "தெரியும்மா, ஆனா மனசு ஒத்துக்கமாட்டேங்குதே" என்றாள் ஒருத்தி. அவள் சொல்லும்போது மூக்கைச் சுளித்தது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. ஒருவேளை தட்டில் ஊசியைப் போட்டவளே அவள்தானோ என்னவோ.

பெரிய டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், கார் நம்பர் உட்பட. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அவங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் தெம்பு வந்தது. "ஆனா பேஷண்ட் வீட்டுக்காரங்க கேக்கறாங்களே. மூணு மாசம் ஆகட்டும், கடைசி ரிப்போர்ட் வரட்டும். அதுவரைக்கும் சமையல்கட்டு வேணாம். துணி தொவைக்கற எடத்துல இருக்கட்டும்."

துணி துவைக்கிற இடம் என்றால் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் ரத்தத் துணி, பிரசவ அறையிலிருந்து வரும் விரிப்பு, சீழ் பட்ட உறைகள். "சார், அங்கதான் ஊசி அதிகமா வரும்" என்றேன். கையுறை கொடுக்கச் சொல்வதாகச் சொன்னார். சொல்தாவிடம் போய்க் கேட்டால் அவர் பெட்டியைத் திறக்கவில்லை, நர்ஸ்களுக்கே போதவில்லையாம். ஆக, நோய் இருக்கும் என்று இவர்கள் சந்தேகப்பட்ட கையால் சோறு வாங்கக் கூசியது. அந்தக் கையிலேயே தங்கள் ரத்தத்தையும் சீழையும் அள்ளிக் கொடுக்க ஒருவருக்கும் கூசவில்லை. நான் ஒரு பெட்டி கையுறையை வெளியில் மருந்துக் கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு மேல் ஒன்றும் கிழிக்கவில்லை.

சமையல்கட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். மறுநாளே எல்லோருடைய அல்சரும் குணமாகிவிட்டது. அக்கா பின்கட்டுக் கல்லில் துணி அடித்துக்கொண்டே, அந்தப் பெண் செருப்போடு அடுப்படிக்குப் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று மாதம்தான், அதற்கப்புறம் அடுப்பு தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் எத்தினி நாள் பாப்பா?" என்று கேட்பார். நான் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வேன். ஆறாவது வார முடிவிலும் ஒன்றும் இல்லை.

மூன்று மாதம் முடிந்து கடைசி முடிவும் வந்தது. நெகட்டிவ். லேப்காரரே அக்காவைக் கூப்பிட்டுச் சத்தமாகச் சொல்லிக் கையில் காகிதத்தைக் கொடுத்தார். அக்கா அதை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"பாப்பா, இத எல்லா மெசின்லயும் எல்லாரும் பாக்கற மாதிரி வை."

"அக்கா, வேணாம்க்கா. உங்க விஷயம் இது."

"எனக்குன்னு இன்னா விஷயம் இருக்குது இப்ப? ஊரே பேசியாச்சு. நோவு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்ல, இல்லன்னும் எல்லாருக்கும் தெரியட்டும். வை" என்றார்.

காலையில் மென்பொருளைத் திறந்ததும் முதலில் ஒரு அறிவிப்புப் பலகை வரும். விடுமுறை, மீட்டிங் இதெல்லாம் போடுவதற்கு. அதில் அக்காவின் பெயரை எழுதி, ஊசி குத்திய விவரத்தை எழுதி, மூன்று பரிசோதனைகளிலும் எதுவும் இல்லை என்று எழுதினேன். ஆறு மெஷின்களிலும் அது வந்தது. படிக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. அன்று காலை ஒவ்வொருத்தராக அதைப் படிப்பதை நின்று பார்த்தேன். படித்து முடித்ததும் பட்டனைத் தட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். பில்லிங் அம்மா மட்டும், "அச்சச்சோ, இதையெல்லாமா இப்படிப் பப்ளிக்காப் போடுவாங்க?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

பத்து மணிக்குச் சாவிச் சத்தம் கேட்டது. சொல்தா என் கையில் ஒரு மெமோவைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் அடித்து, பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு நோயாளியின் பரிசோதனை முடிவை அனைவரும் பார்க்கும்படி வெளியிட்டு ரகசியத்தை மீறியதற்காக என் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை. "அவங்கதான் சார் போடச் சொன்னாங்க" என்றேன். "அவங்க படிக்காதவங்க. உனக்கு எங்கம்மா போச்சு புத்தி? ஒருத்தர் உடம்பு விஷயம் எவ்வளவு ரகசியம்!" என்றார் அவர். இதைச் சொல்லும்போது அந்த மனிதர் முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் முதல்முறையாக ஒரு பாஸ்வேர்டை மாற்றினார்கள். மாற்றியது என்னுடையதை. மென்பொருள்காரர்களுக்குப் போன் போட்டு, என் பொறுப்பையெல்லாம் சொல்தாவின் பெயருக்கு எழுதிக்கொண்டார்கள். எனக்கு ரிசப்ஷன் பக்கம் மட்டும் திறக்கும்படி வைத்தார்கள். பெயர், விலாசம், அவ்வளவுதான் பார்க்கலாம். கார் நம்பரை யாரும் தொடவில்லை. அது எனக்கும் தெரியும், ஆனால் அந்தப் பெயரில் நுழைய எனக்கு அன்றைக்குக் கை எழவில்லை.

அக்கா சொல்தாவிடம் போய், "நான் அடுப்புக்கு வந்துடட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். புது ஆள் வந்தாகிவிட்டது, நிறுத்தி அனுப்ப முடியாது, துணியே பார்த்துக்கொள்ளட்டும் என்று பதில் வந்தது. அக்கா அழவில்லை. கல்லில் பாதி துவைத்துக் கிடந்த விரிப்பை அலசிப் பிழிந்து, கொடியில் போட்டுவிட்டுத்தான் வந்தார். பையை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் நுழைந்து, முதல்முறையாக என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் போறேன் பாப்பா. எங்கயாவது கல்யாண வூட்டு சமையலுக்குக் கூப்புடுவாங்க, பாப்போம். ஒண்ணு மட்டும் செய். அந்த மெசின்லேருந்து என் பேர எடுத்துடு. நாளைக்கு இன்னொருத்தி வந்து தட்டிப் பாக்கக் கூடாது."

மெஷினைத் திறந்தேன். ரிசப்ஷன் பக்கம் வந்தது. அக்காவின் பெயரை அடித்தேன், வந்து நின்றது. ஒரு எழுத்தைக்கூட மாற்ற எனக்கு வழியில்லை, டாக்டர் பெயரில் போனாலும் பார்க்கத்தான் முடியும், அழிக்க முடியாது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். திரையில் எல்லாம் ஆங்கிலம். நான் இரண்டு மூன்று பட்டனைச் சும்மா தட்டினேன்.

"எடுத்துட்டேன்க்கா" என்றேன்.

திரையில் அப்படியே நின்ற தன் பெயரைப் பார்த்துவிட்டு, "நல்லா இரு பாப்பா" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.